பந்தும் கூலியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு தனியார் மையத்தில் ஓராண்டு அனிமேஷன் டிப்ளமோ முடித்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை எடுத்துச் செய்கிறேன். இரண்டு சிக்கல்கள். அனிமேஷனின் பன்னிரண்டு விதிகளும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் நான் செய்யும் எல்லாமே தண்ணீருக்குள் நடப்பதுபோல மிதக்கிறது. எங்கே பிழை என்று பிடிபடவில்லை. அடுத்தது பணம். ஒரு ஜவுளிக்கடைக்கு 30 வினாடி விளம்பரம் கேட்கிறார்கள். இரண்டு பாத்திரங்கள், நடந்து வந்து பேச வேண்டும். வினாடிக்கு 500 ரூபாய் வீதம் 15,000 தருகிறார்களாம். “கம்ப்யூட்டர்தானே செய்யுது, உங்களுக்கு என்ன வேலை?” என்கிறார் கடைக்காரர். பதில் சொல்ல வரவில்லை. ஏ.ஐ. வந்துவிட்டதே, இதைக் கற்பதே வீணோ என்றும் தோன்றுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டும் ஒரே சிக்கல்தான். பந்து தரையைத் தொட எத்தனை பிரேம், அதாவது எத்தனை தனிப் படம், ஆகும் என்று எண்ணிச் சொல்லத் தெரிந்தவருக்கு, ஒரு விளம்பரத்துக்கு எத்தனை நாள் ஆகும் என்றும் எண்ணிச் சொல்ல வரும். நமக்கு எண்ணத் தெரியாதபோது எதிரில் இருப்பவர் ஒரு தொகையைச் சொல்கிறார். மறுக்க நம்மிடம் கணக்கு இருப்பதில்லை.

முதலில் மிதப்பு. அந்தப் பன்னிரண்டும் டிஸ்னியில் வேலை பார்த்த ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் புத்தகமாகத் தொகுத்துத் தந்தவை. பெயர்களை மனப்பாடம் செய்வது சமையல் குறிப்பின் தலைப்பை மட்டும் படிப்பதுபோல. உங்கள் பிழை அநேகமாக ஸ்பேஸிங்கில் இருக்கிறது. ஒரு செயலுக்கு எத்தனை பிரேம் என்பது டைமிங். அந்தப் பிரேம்களில் பொருள் எந்தெந்த இடத்தில் நிற்கிறது என்பது ஸ்பேஸிங். டைமிங் சரியாக இருந்தும் ஸ்பேஸிங் தவறினால் எடை போய்விடும்.

ஒரு பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 120 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் தரையைத் தொட அரை வினாடி ஆகும். வினாடிக்கு 24 பிரேம் கணக்கில் 12 பிரேம். இந்த 12இல் தூரம் சமமாகப் பங்காவதில்லை. 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் கூடிக்கொண்டே போகும். முதல் பிரேமில் பந்து 1 செ.மீ. கூட இறங்காது. முதல் 6 பிரேமில் மொத்தமே 30 செ.மீ.தான். மீதி 90 செ.மீ.யை அடுத்த 6 பிரேமில் கடக்கும். தரையைத் தொடும் கடைசி பிரேமில் மட்டும் ஏறக்குறைய 20 செ.மீ. பாயும். இதை ஒரு தாளில் 12 கோடுகளாகக் குறித்துவைத்துக்கொண்டு உங்கள் பந்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கடைசி இரண்டு பிரேமிலும் உங்கள் பந்து மெதுவாகி, பஞ்சு மெத்தையில் இறங்குவதுபோல இறங்கியிருக்கும்.

அதற்குக் காரணம் மென்பொருளின் பழக்கம். பிளெண்டரோ மாயாவோ, நாம் நிலையைக் குறித்துக் கொடுக்கும் கீ பிரேம்களுக்கு நடுவே தானாகப் போடும் வளைவு, இயக்கம் திரும்புகிற ஒவ்வொரு கீயிலும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்து நிற்கும். மேலே உச்சியில் அது சரி. தரையில் அது தவறு. அந்த வளைவைக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, தரையைத் தொடும் கீயின் இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் தனித்தனியாகப் பிரியுங்கள். பிளெண்டரில் கைப்பிடி வகையை ‘ஃப்ரீ’ என்று மாற்ற வேண்டும், மாயாவில் டேஞ்சென்ட் எனப்படும் அதே கைப்பிடியை உடைக்க வேண்டும். பிறகு இரண்டையும் மேல்நோக்கி இழுத்தால் வளைவு அந்த இடத்தில் கூர்மையாகும். உச்சியில் உருண்டை, தரையில் முனை. பந்தின் வளைவு இப்படி இல்லையென்றால் படத்தை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.

துள்ளலுக்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் பாதி உயரம் எழும் பந்து என்றால், நேரம் பாதியாவதில்லை, ஏறத்தாழ 0.7 மடங்காகிறது. 12ஆவது பிரேமில் முதல் மோதல் என்றால் அடுத்தது 29, அதற்கடுத்தது 41, பிறகு 49 அல்லது 50. மாணவர்கள் உயரத்தைக் குறைத்துவிட்டு இடைவெளியை 12, 12, 12 என்றே வைத்துவிடுகிறார்கள். அது நிலவில் துள்ளுகிற பந்து. தரை தொடும் அந்த ஒரு பிரேமில் மட்டும் பந்தை நசுக்குங்கள். உயரம் குறைந்த அளவுக்கு அகலம் கூட வேண்டும். மூன்று நான்கு பிரேம் நசுங்கியே கிடந்தால் பரோட்டா மாவு. இரும்புக் குண்டு என்றால் நசுக்கலே வேண்டாம்.

பந்து முடிந்தால் நடை. சாதாரண நடைக்கு ஓர் அடிக்கு 12 பிரேம், இரண்டடிச் சுற்றுக்கு 24. முதல் பிரேமில் குதிகால் தரையைத் தொடும். 4இல் உடல் எடையை வாங்கித் தாழும். 7இல் ஒரு கால் இன்னொன்றைக் கடக்கும். 10இல் உடல் உயரும். 13இல் மற்றக் குதிகால். மிதக்கிற நடையில் இடுப்பு இந்த நான்கு நிலையிலும் ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருக்கும். 4இல் இடுப்பைத் தாழ்த்தாமல் வேறு எதை அழகுபடுத்தினாலும் பயனில்லை.

அடுத்த பிழை கால் வழுக்குவது. ஓரடி 60 பிக்சல் என்றால் 12 பிரேமில் உடல் பிரேமுக்கு 5 பிக்சல் முன்னே போகிறது. நின்ற இடத்திலேயே நடக்கும் சுற்றைச் செய்யும்போது, தரையில் ஊன்றிய கால் அதே 5 பிக்சல் வீதம் சீராகப் பின்னே வர வேண்டும். அந்தப் பகுதியில் வளைவு நேர்கோடாக இருக்க வேண்டும். மென்பொருள் அங்கேயும் வேகத்தைக் குறைத்துக் கூட்டிவிடும், அதனால்தான் பாசியில் நடப்பதுபோல இருக்கிறது. ஜவுளிக்கடை விளம்பரம் என்றீர்கள். வேட்டியை மடித்துக் கட்டியவரின் அடி நீளம், இறக்கிவிட்டவரின் அடி நீளம் இரண்டும் ஒன்றல்ல. புடவையில் அடி இன்னும் குறுகும், முந்தானை உடலுக்கு இரண்டு மூன்று பிரேம் பின்தங்கி வரும். உக்கடம் பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் கைபேசியில் எடுத்தால் போதும், எந்தப் பாடத்திலும் இல்லாதது கிடைக்கும். கைபேசி பெரும்பாலும் வினாடிக்கு 30 பிரேம் எடுக்கிறது. அதில் 15 பிரேம் வந்தால் உங்களுக்கு 12.

தொலைக்காட்சிக்கும் போகிற விளம்பரம் என்றால் 24இல் தொடங்காதீர்கள். இந்தியத் தொலைக்காட்சி 25 பிரேம். முடித்த பிறகு மாற்றினால் வினாடிக்கு ஒரு பிரேம் இரட்டித்து, கேமரா நகரும் இடத்தில் குலுங்கும். முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள்.

வசனம் பற்றி ஒன்று. பயிற்சி வீடியோக்களில் கிடைக்கும் வாய் வடிவ அட்டை ஆங்கிலத்துக்கு வரைந்தது. கீழுதட்டைப் பல்லில் அழுத்தும் வடிவம் அதில் முக்கியம். தமிழ் வகரத்துக்கு அது லேசாகப் பட்டால் போதும். நமக்கு முக்கியம் இரட்டித்த மெய். ‘அபாயம்’ என்பதில் உதடு மூடுவது 2 பிரேம். ‘அப்பா’வில் 4 பிரேம் மூடியிருக்க வேண்டும். ‘அம்மா’வும் அப்படியே. இதை விட்டால் குரல் தமிழிலும் வாய் வேறெங்கோவும் இருக்கும். ஒலிக்கு ஒரு பிரேமோ இரண்டோ முந்தியே வாய் அந்த வடிவத்துக்கு வந்துவிட வேண்டும்.

ஏ.ஐ. பற்றி அதிகம் சொல்ல இல்லை. இரண்டு நிலைகளுக்கு இடையே நிரப்புகிற வேலையைக் கணினி வெகுகாலமாகச் செய்துவருகிறது. அது நிரப்பியதுதான் உங்கள் பந்தை மிதக்க வைத்தது. நிரப்பியது தவறு என்று பார்த்த உடனே சொல்லவும், எங்கே தவறு என்று காட்டவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக ஆவதற்குத்தான் பந்தும் நடையும்.

இனி கடைக்காரர். “கம்ப்யூட்டர்தானே செய்யுது” என்றால் கோபப்பட வேண்டாம், எண்ணிக் காட்டுங்கள். கையால் வரைவது என்றால் ஒரு படத்தை இரண்டு பிரேம் நிறுத்தி, வினாடிக்கு 12 படம். 30 வினாடிக்கு 360. பாத்திரம் இரண்டு, ஆக 720. வரைந்து, கோடு திருத்தி, வண்ணம் தீட்ட ஒன்றுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் 240 மணி நேரம், அதாவது 30 வேலை நாள். கதையும் பின்னணியும் இதில் சேரவில்லை. கடைக்காரருக்கு ஜவுளிக் கணக்கு தெரியும். தறியில் ஒரு புடவைக்கு எத்தனை நாள் என்று கேட்டால் சட்டென்று சொல்வார். அதே மொழியில் பேசுங்கள்.

ரிக் செய்த, அதாவது கணினியில் மூட்டு பூட்டி வைத்த பொம்மையை அசைப்பது என்றால் நாள் குறையும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அல்ல. காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரையும் ஸ்டோரிபோர்டு 3 நாள், அதைக் குரலோடு நேரப்படி ஓடவிடும் அனிமேட்டிக் 2, இரண்டு பாத்திரங்களின் வடிவமும் ரிக்கும் 5, பின்னணி 3, அனிமேஷன் 8, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் கம்பாசிட்டிங்கும் இறுதிப் படமாக்கும் ரெண்டரும் 2, திருத்தங்களுக்கு 3. மொத்தம் 26 நாள். 15,000ஐ 26ஆல் வகுத்தால் நாளுக்கு 577 ரூபாய். கொத்தனார் இதற்கு மேஸ்திரியிடம் முகம் காட்டவே மாட்டார்.

உங்கள் நாள் கூலியைத் தெரிந்துகொள்வது எப்படி? மாதச் செலவு 40,000 என்று வைத்துக்கொள்வோம். 1,44,000 ரூபாய் கணினி 4 ஆண்டு உழைத்தால் மாதம் 3,000. மென்பொருள், இணையம், மின்சாரம் 4,000. மருத்துவக் காப்பீடும் சேமிப்பும் 5,000. ஆக 52,000. இதை 30ஆல் வகுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஆள் தேடுவது, பேசுவது, பில் அனுப்பி அலைவது போக, மாதத்தில் கூலி வரும் நாள் 14 இருந்தால் பெரிது. 52,000ஐ 14ஆல் வகுத்தால் 3,714. ஆண்டில் இரண்டு மாதம் வேலை வராது என்று சேர்த்தால் ஏறத்தாழ 4,500. 26 நாளுக்கு 1,17,000 ரூபாய். எண்கள் உங்களுடையதாக இருக்கட்டும், வழி இதுதான்.

வினாடிக் கணக்கில் விலை பேசுவதை அடியோடு விடுங்கள். ஒரு வினாடியில் ஒருவர் கண் சிமிட்டலாம், ஒரு வினாடியில் ஐம்பது பேர் தேர் இழுக்கலாம்.

விலையைவிட ஆபத்தானது, எல்லையில்லாத திருத்தம். இந்தத் துறையின் பெரிய இடங்களிலும் அதுதான் கதை. புதுச்சேரியில் தொடங்கும் ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. அதே மாதம் 24ஆம் தேதி அந்தப் படத்துக்குக் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கிடைத்தது. விருது அரங்குக்கு வெளியே கலைஞர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். அந்த வீழ்ச்சிக்குக் காரணம் பல. அந்தத் தொழிலில் தொகை முன்பே முடிவாகிவிடும், மாற்றங்கள் பிறகு வந்துகொண்டே இருக்கும் என்பதும் அதில் ஒன்று.

ஆகவே ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு திருத்தம், அதற்கு மேல் நாள் கூலி. அனிமேட்டிக்கை ஒப்புக்கொண்ட பிறகு வசனமோ நீளமோ மாறினால் தனிக் கணக்கு. ஸ்டோரிபோர்டில் ஒரு மணி நேரத்தில் மாற்றுவது, அனிமேஷன் முடிந்தபின் நான்கு நாள் தின்னும். அட்வான்ஸ் 40 சதவீதம், அனிமேட்டிக் முடிந்ததும் 30, மீதி 30 வந்த பிறகுதான் முழுத் தரக் கோப்பு. அதுவரை நடுவில் உங்கள் பெயர் ஓடும் சிறிய கோப்பு மட்டும். பாதியில் நிறுத்தினால் அதுவரை ஆன நாட்களுக்குக் கூலி உண்டு என்பதையும் எழுதுங்கள்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்தின் முதல் உரிமையாளர். அதனால் ரிக்கும் மூலக் கோப்புகளும் உங்களுடையவை, உங்கள் வேலை மாதிரிகளின் ஷோரீலில் படத்தைக் காட்டலாம் என்ற இரண்டையும் நீங்கள்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். கடைக்காரர் தாமாகச் சேர்க்க மாட்டார்.

பணம் இழுத்தடிப்பதற்கும் வழி இருக்கிறது. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் ‘உத்யம்’ பதிவு இலவசம். வேலை எடுக்கும் முன்பே செய்துவிடுங்கள். பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் பாக்கி வைக்கக் கூடாது என்கிறது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டில். வழக்குக்குப் போகாவிட்டாலும், பில்லின் அடியில் இந்த ஒரு வரி இருந்தால் கணக்குப்பிள்ளை உங்கள் பில்லை மேலே எடுத்து வைப்பார்.

ஜவுளிக்கடை 1,17,000 தராது. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதற்காக 26 நாள் வேலையை 15,000க்குச் செய்யவும் வேண்டாம், சண்டை போட்டுக்கொண்டு எழுந்து வரவும் வேண்டாம். 15,000 என்பது உங்கள் கூலியில் மூன்று நாளுக்குச் சற்று மேல். அதில் என்ன முடியும் என்று சொல்லுங்கள்: புடவைகளின் நான்கு நல்ல படங்கள், அவற்றின்மேல் கேமரா நகர்வு, கடைப் பெயர் எழுத்தாக வந்து அமர்வது, பின்னணியில் குரல், ஒரே ஒரு திருத்தம். பாத்திரங்கள் வேண்டுமென்றால் ஒருவர், பத்து வினாடி, நின்ற இடத்திலிருந்து பேசுவார். அதற்குத் தனியாக 9 நாள், 40,500 ரூபாய். நடந்து வர வேண்டுமென்றால் அதற்கு மேல் 2 நாள்.