பொன்னியின் செல்வனுக்குப் பிறகு எடுத்த மூன்று நாவலும் 50 பக்கம் தாண்டவில்லை என்றால்

அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்' (1939) எடுங்கள். ஒரு தீவு, பத்துப் பேர், ஒவ்வொருவராகச் சாகிறார்கள். பாதியில் மூடி வைக்க மனசு வராது.

நீங்கள் தொட்ட மூன்று நாவலும் பாதியில் நின்றதற்குக் காரணம் ரசனைக் குறைவு இல்லை. பொன்னியின் செல்வன் வாரத் தொடராக வந்தது. அத்தியாயம் முடியும் இடத்தில் ஒரு முடிச்சு விழும். அதற்குப் பழகியவருக்கு, நிதானமாக விரியும் நாவல் 'ஒண்ணுமே நடக்கலையே' என்றுதான் படும்.

எந்தப் புத்தகமானாலும் முதல் மூன்று அத்தியாயங்களின் கடைசிப் பத்தியை மட்டும் புரட்டுங்கள். இரண்டிலாவது ஒரு கேள்வி தொங்கி நின்றால் தைரியமாக ஆரம்பிக்கலாம்.

நீளமாக, அதே ருசியில் வேண்டுமென்றால் டூமாவின் 'மான்டி கிறிஸ்டோ'. அதுவும் தொடர்தான் (1844-46). மூலத்தில் 117 அத்தியாயங்கள். கையில் இருப்பதில் முப்பது, நாற்பதுதான் என்றால் அது சுருக்கம், வேண்டாம். பழிவாங்கும் வலை மெல்ல மெல்லப் பின்னப்படுவதில்தான் சுகமே.

திகிலுக்கு 'டிராகுலா' (1897). முதல் நான்கு அத்தியாயம் கோட்டைக்குள் சிக்கியவனின் நாட்குறிப்பு. ஐந்தாவதில் சட்டென்று இரண்டு தோழிகளின் கடிதங்கள்! அலுப்பு தட்டுவது அங்கேதான். ஏழாவதில் வரும் கப்பல் குறிப்பேடு வரை பொறுத்துப் படித்துவிடுங்கள்.

அறிவியல் புனைவுக்கு வெல்ஸின் 'டைம் மெஷின்' (1895), சின்னது.

ஒன்று மட்டும்: கிறிஸ்டி நாவலுக்கு முன்னுரை, பின்னட்டை, இணைய விமர்சனம் எதையும் முன்கூட்டிப் பார்க்காதீர்கள்.