அப்டேட்டுக்குப் பிறகு ட்ரோன் திரும்பி வரும் விதம் மாறுமா?

மாறலாம். திரும்பி வரும் உயரம், எந்த பேட்டரி அளவில் திரும்ப வேண்டும், எப்படி இறங்க வேண்டும் என்ற முடிவுகளை எடுப்பது ட்ரோனுக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர்தான். புதிய பதிப்பில் இந்த விதிகள் திருத்தப்படலாம். நீங்கள் அமைத்து வைத்த மதிப்புகள் பழைய நிலைக்கே போய்விடவும் வாய்ப்பு உண்டு.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது திரும்பும் உயரம். ஆர்டுபைலட் காப்டர் என்ற ட்ரோன் மென்பொருளில் இயல்பு மதிப்பு 15 மீட்டர்தான். நன்கு வளர்ந்த தென்னை அதைத் தாண்டிவிடும். நீங்கள் 40 மீட்டர் வைத்திருந்து, அப்டேட்டில் அது அழிந்திருந்தால், ட்ரோன் நேராக மட்டையில் போய் மோதக்கூடும். சுற்றிலும் உள்ள மரம், டவர் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும்படி திரும்ப அமையுங்கள்.

அப்புறம், ரிமோட் சிக்னல் போனால் ட்ரோன் என்ன செய்யும் என்பது. டிஜேஐ நிறுவனத்தின் ட்ரோன்கள் பலவற்றில் திரும்புதல், அந்தரத்தில் நிற்றல், இறங்குதல் என மூன்று தேர்வுகள் இருக்கும். ஏரிக்கு மேலே பறக்கும்போது 'இறங்குதல்' தேர்வாகியிருந்தால் ட்ரோன் தண்ணீரில்தான். பேட்டரி மிகவும் குறைந்து தானாக இறங்கத் தொடங்கினால் பொதுவாக அதை நிறுத்த முடியாது; ரிமோட்டில் உள்ள குச்சியை நகர்த்தி இறங்கும் இடத்தை மட்டும் மாற்றலாம்.

அப்டேட் குறிப்பை முழுக்கப் படியுங்கள். திறந்த மைதானத்தில், ஜிபிஎஸ் சரியாகக் கிடைத்து, புறப்பட்ட இடம் பதிவானதும் கொஞ்ச தூரம் அனுப்பித் திரும்பும் பொத்தானை அழுத்துங்கள். ஏறும் உயரத்தைத் திரையில் பாருங்கள், ரத்து செய்யும் பொத்தானில் விரல் இருக்கட்டும்.