சிஸ்டர் பதில்கள்: இந்த இதழில் ஆன்டிபயாடிக் ஊசி

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி காய்ச்சலைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை பலரும் ஆன்டிபயாடிக் ஊசியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நான் மருத்துவர் இல்லை. அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் ஊசி போட்டும், போட்டுக்கொண்டவர்களைக் கவனித்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ். எந்த மருந்து, எத்தனை நாள் என்று முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர். ஆனால் ஊசியின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு ஒருமுறை, சதையிலா நரம்பிலா, எதில் கரைத்து என்பதையும் கேளுங்கள். ஒரே மருந்து குணமாக்குவதும் கெடுதல் செய்வதும் இந்த விவரங்களில்தான் இருக்கிறது.

எலிக்காய்ச்சல் என்று சேர்த்தார்கள். எனக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் எழுப்பிப் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் அதே காய்ச்சல்காரருக்கு நாளுக்கு ஒரே ஊசி. எனக்கு மட்டும் நோய் முற்றிவிட்டதா?
– பால்வெட்டுத் தொழிலாளி, குலசேகரம்

இல்லை அண்ணாச்சி, இரண்டு பேருக்கும் மருந்துதான் வேறு. உங்களுக்குப் போட்டது பென்சைல் பென்சிலின். வழக்கமாக ஒரு வேளைக்கு 15 லட்சம் யூனிட். சிறுநீரகம் சரியாக வேலை செய்தால், ரத்தத்தில் இருக்கும் அந்த மருந்தில் பாதி சுமார் அரை மணி நேரத்திலேயே வெளியேறிவிடும். அவருக்குப் போட்டது அனேகமாக செஃப்ட்ரியாக்ஸோனாக இருக்கும். அது ரத்தத்திலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் வெளியேறும். பாதியாகக் குறையவே எட்டு மணி நேரம் போல ஆகும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு ஊசி போதும்.

இந்த இரண்டு மருந்துகளும் கிருமியை அடக்குவது ஒரே வேளையில் எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதால் அல்ல. ரத்தத்தில் தேவையான அளவுக்குக் கீழே இறங்காமல் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதுதான் கணக்கு. அதனால்தான் அந்தப் பன்னிரண்டு மணி ஊசி. “தூங்கட்டும் சிஸ்டர், காலையில் ரெண்டையும் சேர்த்துப் போடுங்க” என்று கூட இருப்பவர்கள் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறார்கள். பாசத்தில் கேட்கிறார்கள், புரிகிறது. ஆனால் சேர்த்துப் போட்டால் காலையில் மருந்து தேவைக்கு மேல் நிற்கும், ராத்திரி முழுக்க ஒன்றுமே இருக்காது.

கடுமையான எலிக்காய்ச்சலுக்கு இந்த இரண்டும் ஒரே மாதிரி பலன் தந்ததாக 2003-ல் வெளிவந்த தாய்லாந்து ஆய்வு சொல்கிறது. இரண்டுமே வழக்கமாக ஏழு நாள். ஆகவே உங்களைக் குறைத்தும் கவனிக்கவில்லை, கூட்டியும் கவனிக்கவில்லை.

முதல் ஊசி போட்ட சில மணி நேரத்தில் குளிர் தூக்கிப் போட்டது, காய்ச்சல் இன்னும் ஏறியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிருமிகள் மொத்தமாகச் சாகும்போது அப்படி வருவது உண்டு. அது ஊசி ஒத்துக்கொள்ளாததால் வந்தது என்று நினைத்து, இனிமேல் எல்லா ஆஸ்பத்திரியிலும் “எனக்கு பென்சிலின் ஆகாது” என்று சொல்லிவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டி மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுத் தெளிவு படுத்திக்கொள்ளுங்கள். தேவையில்லாமல் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பெயர், பின்னால் நல்ல மருந்து ஒன்றை உங்களுக்குக் கிடைக்காமல் செய்துவிடும்.

மாமாவுக்குச் சுகர், காலில் புண். செஃப்ட்ரியாக்ஸோன் 1 கிராம் காலையும் மாலையும் போட்டார்கள். கையில் ஊசிக்குழாயோடு வீட்டுக்கு அனுப்பி, மீதியை வெளியில் போடச் சொன்னார்கள். நர்சிங் படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து போடுகிறாள். காய்ச்சல் விட்டுவிட்டது, மூன்று ஊசி மிச்சம் இருக்கிறது. நிறுத்திவிட்டு அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு மருமகள், குளச்சல்

வைத்துக்கொள்ள வேண்டாம் தங்கச்சி. ஆனால் “மூன்றையும் கட்டாயம் போட்டு முடி” என்றும் நான் சொல்ல மாட்டேன். காய்ச்சல் விட்டு, சாப்பாடு இறங்கி, புண்ணின் சிவப்பும் குறைந்திருந்தால் இரண்டு மூன்று நாளிலேயே மாத்திரைக்கு மாற்றுவதும் சரியான வைத்தியம்தான். அதை நீங்களோ அந்தப் பிள்ளையோ முடிவு செய்யக் கூடாது. நாளைக்கே புண்ணைக் காட்டி, “மாத்திரைக்கு மாற்றலாமா?” என்று மருத்துவரிடமே கேளுங்கள். டைபாய்டு என்றால் வேறு கதை. அங்கே ஊசி ஆரம்பித்தும் காய்ச்சல் இறங்க நாலைந்து நாள் பிடிக்கும். மருந்தோ பத்து முதல் பதினான்கு நாள் வரை போகும்.

எனக்கு அதைவிடக் கவலை, ஊசி வீட்டில் போடப்படுவதுதான். அந்தப் பிள்ளையின் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. அவளுடைய பையில் அட்ரினலின் இருக்கிறதா? ஒவ்வாமை முதல் ஊசியில்தான் வரும் என்று எண்ண வேண்டாம். நாலு ஊசி ஒன்றும் செய்யாமல் போனபின் ஐந்தாவதில் வரலாம். டெஸ்ட் டோஸ் போட்ட இடம் தடிக்கவில்லை என்பதும் முழு உத்தரவாதம் கிடையாது. உள்ளங்கை அரிப்பு, குரல் கம்முவது, மூச்சு இழுப்பு, வாந்தி, கண் இருட்டுவது என்று நிமிடங்களுக்குள் மளமளவென்று ஏறும். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது தொடையின் வெளிப்பக்கச் சதையில் போடும் அட்ரினலின். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிகிராம் ஆம்பூலில் பாதி. குறையாவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும். அவில் என்ற ஒவ்வாமை ஊசியும் ஸ்டீராய்டும் அதற்கு அப்புறம்தான். அவற்றை முதலில் போட்டுக் காத்திருந்தால் நேரம் கைவிட்டுப் போகும். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம். எழுப்பி நடக்க வைக்கக் கூடாது. 108-ஐ உடனே கூப்பிட வேண்டும். இத்தனைக்கும் வசதி உள்ள இடத்தில் ஊசி போட்டு, அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. மருந்துக் கடையில் குப்பியோடு என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள். இந்த ஊசியைச் சதையில் போட்டால் நன்றாக வலிக்கும். அதனால் மருத்துவர் சொன்னால், சதையில் போடுவதற்கு மட்டும் 1 சதவீத லிக்னோகெயினில் கரைப்போம். மரத்துப்போக வைக்கும் மருந்து அது. அதில் கரைத்ததை நரம்பில் ஏற்றினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், வலிப்பு வரலாம். மாமாவின் கையில் குழாய் இருக்கிறது என்றால் ஊசிக்கான சுத்த நீரில் கரைத்ததுதான் அதில் போகலாம். அதையும் இரண்டு முதல் நான்கு நிமிடம் எடுத்து மெல்லத் தள்ள வேண்டும். இரண்டு ஆம்பூலும் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும். எழுத்தைப் படித்துவிட்டுத்தான் உடைக்க வேண்டும். கரைத்தபின் இளமஞ்சளாக இருந்தால் பயப்படாதீர்கள், அதன் நிறமே அதுதான். கலங்கலாக, துகள் மிதந்தால் போடக் கூடாது.

அதே குழாயில் ரிங்கர் லாக்டேட் பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த மருந்தைக் கலக்கவே கூடாது. அந்தப் பாட்டிலில் கால்சியம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் துகளாகத் திரியும். குழாய் குத்திய இடம் சிவந்து, தொட்டால் வலித்தால் அடுத்த ஊசி வரை காத்திராமல் குழாயை எடுத்துவிடச் சொல்லுங்கள். சுகர்காரரின் கையில் இன்னொரு புண் வேண்டாம்.

என் பிள்ளைக்கு இரண்டு வயசு, 12 கிலோ. செஃப்ட்ரியாக்ஸோன் 1 கிராம் குப்பியை உடைத்து ஆறு மில்லி எடுத்துவிட்டு மீதியைக் கொட்டிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கினது. நாளைக்கு வைத்திருக்கலாமே?
– இளம் தாய், கருங்கல்

காசு போகிற வருத்தம் நியாயம்தான் மக்களே. ஆனால் அந்தச் சிஸ்டர் செய்தது சரி. பிள்ளைகளுக்கு வயசைப் பார்த்து மட்டும் மருந்து எடுப்பதில்லை, எடையைப் பார்த்துத்தான். கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால், 12 கிலோவுக்கு 600. 1 கிராம் குப்பியில் 9.6 மில்லி தண்ணீர் விட்டுக் கரைத்தால் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். முழு 10 மில்லி விடாததற்குக் காரணம், கரைந்த பொடியும் கொஞ்சம் இடம் பிடிக்கும். ஆறு மில்லி எடுத்தார்கள் என்றால் கணக்கு அப்படியே பொருந்துகிறது. அந்த அளவை ஒரே தள்ளாகத் தள்ளாமல் அரை மணி நேரம் சொட்டாக ஏற்றுவார்கள்.

திறந்த குப்பி நாளைக்கு ஆகாது. கெடாமல் காக்கும் மருந்து எதுவும் அதில் சேர்த்திருக்காது. வீட்டுப் ஃபிரிட்ஜில் மீன் குழம்புக்குப் பக்கத்தில் வைப்பதற்கான பொருள் அல்ல அது. செலவு குறைய வேண்டுமானால் 250, 500 மில்லிகிராம் குப்பிகள் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் பிள்ளையை எடை போடச் சொல்லுங்கள். போன மாச எடையை ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டாம். பிறந்து 28 நாள் ஆகாத குழந்தை என்றால் அதையும், மஞ்சள் காமாலை இருந்தால் அதையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்த மஞ்சளை இந்த மருந்து இன்னும் கூட்டி மூளையைத் தாக்க வைக்கலாம். கால்சியம் ஏற்றுகிற பச்சைக் குழந்தைக்கு இதைத் தொடவே மாட்டார்கள். அவர்களுக்குப் போட வேறு மருந்து உண்டு.

என் மனைவிக்கு 68 வயது. சிறுநீர்த் தொற்றுக்கு ஜென்டாமைசின் போடுகிறார்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து கிரியாட்டினின் பார்க்கிறார்கள். இது தேவையா? நேற்றிலிருந்து காதில் ரீங்காரம் கேட்கிறது என்கிறாள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

ஐயா, பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு இந்த ரீங்காரத்தை இப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த ஊசிக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். ஜென்டாமைசின் உள்காதைக் கெடுக்கக்கூடியது. கெட்டால் பெரும்பாலும் திரும்பி வராது. நடக்கும்போது தள்ளாடினாலும், சிறுநீர் குறைந்தாலும் அதையும் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனை மிகவும் தேவை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதுதான் கிரியாட்டினின். செஃப்ட்ரியாக்ஸோன் சிறுநீரிலும் பித்தத்திலுமாக இரண்டு வழியில் வெளியேறும். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தாலும் சமாளிக்கும். ஜென்டாமைசினுக்குச் சிறுநீரகம் ஒன்றுதான் வழி, அந்த வழியையே அது கெடுக்கவும் செய்யும். அதனால் எடை, வயது, கிரியாட்டினின் மூன்றையும் வைத்து அளவையும் இடைவெளியையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பெரியவர்களுக்குப் பல இடங்களில் நாள் அளவு முழுவதையும் ஒரே வேளையாகப் போடுவார்கள். இந்த மருந்து ரத்தத்தில் நல்ல உயரத்துக்கு ஏறினால்தான் கிருமியை நன்றாக அடிக்கும், பிறகு நன்றாக இறங்கினால்தான் காதும் சிறுநீரகமும் பிழைக்கும். முதல் பதிலில் சொன்ன பென்சிலினுக்கு நேர் எதிர்.

அம்மா கால் வீக்கத்துக்கு நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறார்களா? மூட்டு வலி மாத்திரை? இரண்டும் ஆபத்தைக் கூட்டும். அவர்களுடைய தாய்வழியில் யாருக்காவது இப்படி ஊசிக்குப் பின் காது போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தாய்வழியாக வரும் ஒரு மரபணுக் குறை உள்ளவர்களுக்குச் சரியான அளவிலும் காது போய்விடும்.

சளிக்கு ஊசி போட்டால் உடனே கேட்கும் என்கிறார்கள். கடையிலேயே வாங்கிப் போடலாமா? போட்டால் அன்றைக்குக் கொஞ்சம் குடிக்கலாமா?
– மாணவர், மார்த்தாண்டம்

சாதாரணச் சளி வைரஸால் வருவது. எந்த ஆன்டிபயாடிக்கும் அதற்குக் கேட்காது. செஃப்ட்ரியாக்ஸோன் மாதிரியான மருந்துகள் 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எழுதிய மருத்துவர், வாங்கியவர், அளவு எல்லாம் பதிவேட்டில் ஏற்றி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். குடிப்பது பற்றி: செஃபோபெரஸோன் என்ற ஊசியோடு மது சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்துப் படுத்துவிடுவீர்கள். கடைசி ஊசிக்குப் பின்னும் சில நாள் தொடக் கூடாது.

மகளுக்கு 13 வயது, 38 கிலோ. மூட்டுக் காய்ச்சலில் இதய வால்வு பாதித்து 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. வலி தாங்காமல் அழுகிறாள். பரீட்சை முடியும்வரை தள்ளிப் போடலாமா?
– ஒரு தாய், தேங்காப்பட்டணம்

தள்ளாதீர்கள் அம்மா. அது பென்சாத்தின் பென்சிலின். சதைக்குள் தங்கி, சிறிது சிறிதாகக் கசிந்து ரத்தத்தில் கலக்கும். மூன்று வாரம் தாண்டினால் காவல் குறைந்துவிடும். அந்த இடைவெளியில் தொண்டைக் கிருமி ஒன்று வந்தால் வால்வு இன்னும் கெடும். 27 கிலோவுக்கு மேல் இருப்பதால் அவளுக்கு 12 லட்சம் யூனிட் சரியான அளவு. வலிக்குப் பயந்து பாதி போடச் சொல்ல வேண்டாம்.

வலியைக் குறைக்க வழி உண்டு. கரைத்த மருந்து குளிராக இருக்கக் கூடாது, கைச்சூட்டுக்கு வரட்டும். குத்துவதற்கு முன் அந்த இடத்தைக் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். பால் மாதிரி கெட்டியான மருந்து என்பதால் ஊசி கொஞ்சம் தடிமனாகத்தான் இருக்கும், மெல்லிய ஊசி அடைத்துக்கொண்டு இரண்டாம் குத்து வாங்க வைக்கும். கொஞ்சம் லிக்னோகெயின் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். எப்போதும் ஆழமான சதையில்தான், நரம்பில் போனால் இதயமே நின்றுவிடக்கூடும். அதனால் பழகிய கை உள்ள ஆஸ்பத்திரியிலேயே போடுங்கள், ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.

பரீட்சை அட்டவணை வந்ததும் ஊசித் தேதியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நாளில் விழுந்தால், இரண்டு மூன்று நாள் முன்னதாகப் போட்டுக்கொள்ள மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த 21 நாளைப் புதுத் தேதியிலிருந்து எண்ணி, அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.