பதட்டத்துக்கான மாத்திரையை நிறுத்திய பிறகு படபடப்பு திரும்பிவிட்டது. மறுபடி மாத்திரைதானா?

ஒன்றரை வருடம் எஸ்சிடலோப்ராம் எடுத்து நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது, இப்போது மறுபடி படபடப்பும் தூக்கமின்மையும் வந்துவிட்டன, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே மாத்திரையை எடுத்து, நிறுத்தி, சில மாதங்களில் நீங்கள் நிற்கும் இடத்தில் நின்றவள்தான். வங்கியில் கேஷ் கவுண்டர் வேலை. டாக்டர் இல்லை. அதனால் மாத்திரை பற்றி நான் சொல்வதையெல்லாம் உங்கள் மனநல மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தப் படபடப்பு எப்போது ஆரம்பித்தது என்பது. எஸ்சிடலோப்ராம் ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 30 மணி நேரம் ஆகும். ஆகவே, நிறுத்திய சில நாட்களிலேயே வருகிற தொந்தரவு பெரும்பாலும் மாத்திரையை விட்டதால் வருவது. தலைசுற்றல், குமட்டல், கண்டபடி கனவுகள், சும்மா சும்மா அழுகை, அப்புறம் தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு சுரீர். எனக்கு அது கண்ணைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பும்போது வரும். இதெல்லாம் பழைய பதட்டத்தில் இல்லாத புதுச் சமாச்சாரங்கள்.

பழைய வியாதி திரும்புவது வேறு மாதிரி. சில வாரமோ சில மாதமோ கழித்து மெதுவாகத் தலைகாட்டும். வருவதும் நமக்கு ஏற்கெனவே பழக்கமான அதே பயங்களாகத்தான் இருக்கும். டாக்டர்கள் இன்னொரு அடையாளமும் பார்ப்பார்கள். விட்டதால் வந்த தொந்தரவு என்றால் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்த சில நாட்களிலேயே அடங்கிவிடும், வியாதி திரும்பியிருந்தால் அடங்கச் சில வாரங்கள் பிடிக்கும். உங்களுக்கு மூன்று மாதம் என்பதால் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. ஆனாலும் சிலருக்கு விட்டதன் தொந்தரவே மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் நீங்களாகத் தீர்ப்பு எழுதிவிடாமல், எந்தத் தேதியில் எவ்வளவு குறைத்தீர்கள், என்று ஆரம்பித்தது என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள்.

எவ்வளவு குறைத்தீர்கள் என்பது ஏன் முக்கியம் என்றால், இந்த மாத்திரை மூளையில் வேலை செய்யும் கணக்கு நேர்க்கோடு இல்லை. 10 மில்லிகிராமிலிருந்து 5-க்கு வருவது பெரிய இறக்கம் இல்லை, 5-லிருந்து சைபருக்குப் போவதுதான் பெரிய இறக்கம். கடைசிப் படி மட்டும் உயரமாக இருக்கிற மாடிப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் இதை விளக்கி, அடிமட்ட டோஸ்களில்தான் ரொம்ப நிதானமாக இறங்க வேண்டும் என்று எழுதினார்கள். 10, 5, அப்புறம் நிறுத்து என்று இரண்டு வாரத்தில் முடித்திருந்தால் அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

இப்போது, 'எனக்கு மட்டும் ஏன்' என்ற புலம்பலுக்கு வருகிறேன். எனக்கு அது நிறைய இருந்தது. 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பதட்ட நோய்களுக்காக நடந்த 28 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. மாத்திரையில் குணமானவர்களில், நிறுத்தியவர்களில் சுமார் 36 சதவீதம் பேருக்கும், தொடர்ந்து எடுத்தவர்களில் சுமார் 16 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியிருந்தது. நான் இதை இரண்டு விதமாகப் படித்தேன். மூன்றில் ஒருவருக்கு நடப்பது எனக்கும் நடந்திருக்கிறது, இதில் என் மனபலத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாத்திரையை விடாமல் எடுத்தவர்களிலும் சிலருக்குத் திரும்பியிருக்கிறது, ஆக மாத்திரை மட்டுமே கவசம் என்றும் சொல்ல முடியாது.

தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் அச்சு அசலாக இதே படபடப்புதான். ஆஸ்துமாவுக்குச் சால்பியூட்டமால் இன்ஹேலர் எடுத்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். காபியைக் குறையுங்கள். புதிதாக நெஞ்சுவலி வந்தால் 'எல்லாம் பதட்டம்தான்' என்று விட்டுவிடாமல் ஈசிஜி எடுங்கள். எடுத்துச் சரியாக இருந்தால் மறுவாரம் இன்னொரு ஈசிஜி வேண்டாம்.

கடைசியாகச் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. திரும்பி வந்த பதட்டத்தில் பாதி, 'திரும்பி வந்துவிட்டதே' என்கிற பயம். அந்தப் பயத்துக்காக நாம் செய்கிற சின்னச் சின்னத் தற்காப்புகள்தான் அதை நிலைக்க வைக்கின்றன. இவை வருவதே தெரியாது. எனக்கு முதலில் வந்தது பஸ்ஸில். கூட்டமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததுக்குக் காத்திருப்பேன். ஏறினாலும் கதவுப் பக்கத்தில்தான் நிற்பேன். கைப்பையில் தண்ணீர் பாட்டிலும், எடுக்காத பழைய மாத்திரை அட்டையும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி வழியில் திரும்பி வீட்டுக்கு வருவேன். யாராவது கேட்டால் 'சும்மா ஒரு பாதுகாப்புக்கு' என்பேன்.

அடுத்தது கேஷில். நோட்டு எண்ணும் மெஷின் 100 என்று காட்டும். கட்டுக்குப் பேண்ட் (காகிதப் பட்டை) போட்ட பிறகு மறுபடி பிரித்துக் கையால் எண்ணுவேன். மாலையில் கணக்கு நேராகிவிட்ட பிறகும் ஒரு கட்டை எடுத்து இன்னொரு தரம். பக்கத்துக் கவுண்டர் அண்ணன், "என்னம்மா, ரிசர்வ் பேங்க்கே உன்னை நம்பித்தான் இருக்கா?" என்று கேட்பார். நானும் சிரிப்பேன், கை மட்டும் எண்ணிக்கொண்டே இருக்கும்.

நான் போன உளவியலாளர் கையில் எடுத்தது இந்த எண்ணிக்கையைத்தான். மூச்சுப் பயிற்சி, தியானம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவரோ, மெஷினில் ஒரு தடவை, அவ்வளவுதான், பேண்ட் போட்டபின் கட்டைத் தொடக்கூடாது என்றார். முதல் நாள் உள்ளங்கை வேர்த்து நோட்டில் ஒட்டியது. கட்டு டிராயரில் கிடக்கிறது, மனது முழுக்க அதிலேயே இருக்கிறது, வாடிக்கையாளர் டோக்கனை நீட்டுவதுகூட உறைக்கவில்லை. ஆனால் எதுவும் செய்யாமல் இருந்தால் அந்தத் தவிப்பு உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்குகிறது என்பதை அன்றைக்குத்தான் உடம்பால் தெரிந்துகொண்டேன். நாளாக நாளாக உச்சியின் உயரமே குறைந்தது. பஸ்ஸுக்கும் இதே வைத்தியம். கதவுப் பக்கத்திலிருந்து நடுவுக்கு, அப்புறம் மாத்திரை அட்டை இல்லாமல், அப்புறம் தண்ணீர் இல்லாமல்.

படபடப்பையே வேண்டுமென்று வரவழைக்கும் பயிற்சியும் உண்டு. மாடிப்படியில் வேகமாக ஏறி இறங்குவது, ஒரே இடத்தில் நின்று ஓடுவது, ஸ்ட்ரா வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விடுவது. நெஞ்சு அடித்துக்கொள்வது ஆபத்து இல்லை என்று உடம்புக்குப் பழக்குவதற்காக. இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருந்தால், கர்ப்பமாக இருந்தால், டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்காதீர்கள்.

மாத்திரைக்கு வருகிறேன். நான் மறுபடி எடுத்தேன். இந்தப் பயிற்சிகள் ஆரம்பித்த பிறகும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை. வேலைக்கு லீவு போட ஆரம்பித்தபோது டாக்டர் திரும்ப எழுதிக்கொடுத்தார். அதில் எனக்கு வெட்கம் இல்லை. வேலை, தூக்கம், சாப்பாடு ஓரளவு ஓடிக்கொண்டிருந்தால் பயிற்சியை மட்டும் வைத்துச் சில வாரம் பார்க்கலாமா என்று கேளுங்கள். அவை நின்றுபோயிருந்தால் இழுத்தடிக்க வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கிற அட்டையிலிருந்து நீங்களே 10 மில்லிகிராமை விழுங்கி ஆரம்பிப்பது மட்டும் கூடாது. முதல் ஒன்றிரண்டு வாரம் இந்த மாத்திரையே படபடப்பைக் கொஞ்சம் கூட்டும். அதனால்தான் டாக்டர்கள் சின்ன டோஸில் தொடங்குகிறார்கள். முழுப் பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம்.

அட்டையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்றும் ஒருமுறை படியுங்கள். நம் ஊரில் எஸ்சிடலோப்ராமும் குளோனசெபாமும் சேர்ந்த ஒரே மாத்திரை நிறையப் புழங்குகிறது. குளோனசெபாம் தனி ரகம். உடனே அமைதி தரும், சீக்கிரம் பழக்கமாகிவிடும், நீண்ட நாள் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். உங்கள் மாத்திரையில் அதுவும் இருந்ததா என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் திரும்ப ஆரம்பித்ததும் அம்மா, "மாத்திரையை விட்டாச்சுன்னு சந்தோஷப்பட்டேனேடி" என்று மூக்கைச் சிந்தினாள். பிரஷர் மாத்திரையை அவள் பல வருடமாக விழுங்குகிறாள், அதற்கு யாரும் அழவில்லை. வீட்டுக்காரருக்கு அக்கறை ஜாஸ்தி, மணிக்கொரு தரம் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பார். கேட்கும்போதெல்லாம் நான் உள்ளே போய் நெஞ்சைத் தடவிப் பார்க்க வேண்டியிருக்கும். ராத்திரி ஒரு தடவை கேளுங்கள் போதும் என்று சொன்ன பிறகுதான் நிம்மதி.

எப்போதாவது சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022-ல் தொடங்கிய இலவச உதவி எண் இருக்கிறது, 14416. எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அவ்வளவு முற்றாமல் சும்மா பேச ஆள் வேண்டும் என்றாலும் அதே எண்தான். கையில் பணம் இல்லை என்றால் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரையும் அங்கேயே கிடைக்கும்.

நான் இன்னும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நன்றாக ஆன பிறகு ஒரு வருடமாவது போகட்டும், அப்புறம் பார்ப்போம் என்றிருக்கிறார் டாக்டர். குறைப்பதாக இருந்தால் மார்ச் மாதம் வேண்டாம், வருடக் கணக்கு முடிக்கிற நேரம் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். ஜூன் ஜூலையில் ஆரம்பித்து, 5-க்குக் கீழே மாதத்துக்கு ஒரு சின்னப் படியாக இறங்கலாம் என்று பேசியிருக்கிறோம்.