மூளையைப் பற்றிய சில நூல்களை மட்டும் ஏன் கீழே வைக்க மனம் வருவதில்லை?

மூளை அறிவியல் நூல்களில் பெரும்பாலானவை கொட்டாவியை வரவழைக்கின்றன, ஒன்றிரண்டு மட்டும் தூங்கவே விடுவதில்லை, அது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுபவரின் பித்துதான் காரணம் என்பேன். அதைச் சொல்ல என் சித்தப்பாவின் இல்லாத கையிலிருந்து தொடங்க வேண்டும்.

திருமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டில் சிக்கி இடது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. காயம் ஆறிய பிறகும், "விரலெல்லாம் இறுக மூடிக் கிடக்கிறது, நகம் உள்ளங்கையில் குத்துகிறது" என்று இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். அப்பத்தா அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு நேர்ந்துகொண்டார். சவரக் கடையில் இடது கன்னத்தில் கத்தி பட்டால் போன கையின் கட்டைவிரல் கூசுகிறது என்று சித்தப்பா சொல்வார். கடையே சிரிக்கும். உயிரியல் ஆசிரியனான நானும் சிரித்திருக்கிறேன். நான் படித்த பாடநூலில் இதற்கு இரண்டே வரிதான் இருந்தது.

பிறகு வி. எஸ். ராமச்சந்திரன், சாண்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் சேர்ந்து எழுதி 1998இல் வெளிவந்த 'ஃபேன்டம்ஸ் இன் த பிரெயின்' கைக்குக் கிடைத்தது. ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கை இழந்த ஓர் இளைஞரின் கன்னத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் தொடுகிறார். இளைஞரோ இல்லாத கட்டைவிரலைத் தொடுவதாகச் சொல்கிறார். தொடு உணர்வுக்கென்று மூளையில் உள்ள வரைபடத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம். கையிலிருந்து சேதி வருவது நின்றதும் முகம் அந்த இடத்தில் குடியேறிவிடுகிறது என்பது அவர் விளக்கம். இந்த விளக்கத்தை மறுக்கும் ஆய்வாளர்களும் இப்போது இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு உறைத்தது வேறு. நாங்கள் சிரித்த இடத்தில் இந்த மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எந்த விரல்? எந்தப் பக்கம்?" என்று கேட்டிருப்பார்.

பித்து என்று நான் சொல்வது இதைத்தான். மதுரை புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சில மூளை நூல்களைப் புரட்டினேன். "பிரபஞ்சத்திலேயே மிகச் சிக்கலான பொருள்" என்று முதல் பக்கத்திலேயே வியந்துவிட்டு, மீதிப் பக்கங்களில் எதையும் வியக்காதவை அவை.

ஓர் எண்ணிக்கைகூடச் சுவையாக முடியும். மனித மூளையில் பத்தாயிரம் கோடி நரம்பணுக்கள் என்று நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிவந்தன. யார் எண்ணினார்கள் என்று கேட்டுக்கொண்டு புறப்பட்டவர் பிரேசில் நாட்டு அறிவியலாளர் சுசானா ஹெர்குலானோ-ஹூசெல். இறந்தவர்களின் மூளையைக் கரைத்து ரசம்போல ஆக்கி, அதில் மிதக்கும் உயிரணு உட்கருக்களைச் சாயமேற்றி எண்ணினார். (ஆட்டு மூளை வறுவலுக்குப் பேர்போன மதுரைக்காரனுக்கு இந்தச் சமையல் பிடிக்காமல் போகுமா?) 2009இல் வந்த விடை சுமார் 8,600 கோடி. வெறும் எண்ணாகச் சொன்னால் மாணவர்கள் மறுநாளே மறந்துவிடுகிறார்கள். கரைத்த கதையோடு சொன்னால் ஆண்டிறுதி வரை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பித்து வழுக்கவும் செய்யும். அதே ராமச்சந்திரன், உயிரியலுக்கு டிஎன்ஏ எப்படியோ உளவியலுக்கு 'கண்ணாடி நரம்பணுக்கள்' (ஒரு செயலை நாமே செய்தாலும் பிறர் செய்வதைப் பார்த்தாலும் இயங்குபவை) அப்படி ஆகும் என்று 2000இல் எழுதினார். அப்படி ஒன்றும் ஆகவில்லை. நோயாளியின் மீது இருக்கும் பித்தை நம்பிப் படிக்கலாம்; தன் கோட்பாட்டின் மீது பித்துக்கொண்டு எழுதும் பக்கங்களில் நான் பென்சிலை எடுத்துக்கொள்வேன்.

இல்லாத கையின் வலியைத் தணிக்க ராமச்சந்திரன் உருவாக்கிய கண்ணாடிப் பெட்டியை வீட்டில் செய்து பார்த்தேன். மாசி வீதியில் வாங்கிய கண்ணாடியை ஓர் அட்டைப் பெட்டியின் நடுவே நிறுத்தி, சித்தப்பாவின் வலது கையை அதன் முன்னே வைத்தோம். இடது கை இருக்க வேண்டிய இடத்தில் பிம்பம் தெரிந்தது. விரல்களை மெல்ல விரிக்கச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், "கொஞ்சம் தளர்கிற மாதிரி இருக்கிறது" என்றார். நான்கைந்து நாட்கள் நன்றாகத் தூங்கினார். பிறகு வலி பழையபடி வந்துவிட்டது. இது எல்லோருக்கும் பலிப்பதில்லை. ஆய்வு முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை.

அந்தக் கண்ணாடி இப்போது அவர் வீட்டுத் திண்ணைத் தூணில் தொங்குகிறது. சவரத்துக்கு அவர் கடைக்குப் போவதில்லை.