டாய் ஹாலர் வாங்கும் முன் டிரக்கின் கதவைத் திறந்து பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். டாலஸுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள், இரண்டு டர்ட் பைக். ஒரு ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக் வாங்கி, பின்னால் 28 அடி டாய் ஹாலரை, அதாவது பைக் ஏற்றப் பின்பக்கம் கேரேஜ் வைத்த வீட்டு டிரெய்லரை, மாட்டிக்கொண்டு கோடை விடுமுறையில் யூட்டாவில் உள்ள மோவாப், அங்கிருந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா போகத் திட்டம். எந்த பிராண்டு நல்லது, கடன் வரலாறு இல்லாமல் வட்டி எவ்வளவு வரும், இன்சூரன்ஸ் எங்கே எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக, "டிரக் 11,000 பவுண்டு இழுக்கும் என்கிறார் விற்பனையாளர், அது போதும்தானே அண்ணா?" என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரிக்குத்தான் நான் பதில் சொல்லப்போகிறேன். வட்டியும் இன்சூரன்சும் நாலு இடத்தில் விசாரித்தால் தெரிந்துவிடும். பிராண்டு பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். இந்த நாட்டு டிரெய்லர்களில் பெரும்பாலானவை இந்தியானாவில் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் கட்டப்படுபவை. பெயர்தான் பல; அடியில் இருக்கும் இரும்புச் சட்டகமும் சக்கர அச்சும் பெரும்பாலும் ஒரே சில சப்ளையர்களிடமிருந்து வருபவை.

11,000 பவுண்டு போதுமா? போதாது. இழுக்கிற எண் முக்கியமே இல்லை. டிரக்கின் முதுகில் எவ்வளவு பாரம் உட்காரலாம் என்பதுதான் முக்கியம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவு பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். அதுதான் பேலோடு. ஒவ்வொரு வண்டிக்கும் அது தனி. ஒரே மாடலில் சன்ரூஃபும் தோல் இருக்கையும் கூடக்கூட இந்த எண் குறையும். விளம்பரத் தாளில் போட்டிருப்பது வேறு, நீங்கள் வாங்கப்போகும் வண்டியின் கதவில் ஒட்டியிருப்பது வேறு.

எஃப்-150 மாதிரி டிரக்கை ஹாஃப் டன் என்பார்கள்; அது வகையின் பெயர்தான், தாங்கும் எடை இல்லை. வசதிகள் நிறைந்த அப்படி ஒரு டிரக்கில் 1,700 பவுண்டு என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் நாலு பேரும் 600. டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் 100. பின்தொட்டியில் போடும் ஐஸ்பெட்டி, கருவிகள், மூடி எல்லாம் 150. மிச்சம் 850. இப்போது டிரெய்லர். காலியாக 7,000 பவுண்டு என்பார்கள். நூறு கேலன் தண்ணீர் நிரப்பினால் 834 பவுண்டு. பைக் இரண்டும் 500. முப்பது கேலன் பெட்ரோல் தொட்டி இருந்தால் அது 180. கேஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், அரிசி, படுக்கை என்று ஏற்றி முடித்தால் 9,000 பவுண்டில் நிற்பீர்கள்; நம் கணக்கில் நாலு டன்னுக்கும் மேல். இந்த வகை டிரெய்லரில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் விழ வேண்டும். 13 சதவீதம் என்றால் 1,170 பவுண்டு. உங்களிடம் இருப்பது 850. 11,000 இழுக்கும் என்றவர் சொன்னது பொய் இல்லை, ஆனால் முழுக்கணக்கையும் சொல்லவில்லை. என்னிடமும் ஒரு கடைக்காரர் இதே பாட்டைத்தான் பாடினார். கதவைத் திறந்து காட்டுங்கள் என்றதும் காபி குடிக்கிறீர்களா என்று பேச்சை மாற்றினார்.

சரி, ஹிட்ச் மேல் விழும் இந்த முன்பாரத்தைக் குறைத்துக்கொள்ளலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்டுவிடாதீர்கள். மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும் இல்லையா, அதேதான் இங்கும். டாய் ஹாலரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். கேரேஜ் பின்னால் இருப்பதால், அதில் ஏறும் பாரத்தை ஈடுகட்டவே காலி வண்டியை முன்பாரமாகக் கட்டியிருப்பார்கள். பைக் ஏறாதபோது ஹிட்ச் மேல் பாரம் அதிகம், ஏற்றியதும் குறையும். அளவுக்கு மீறிக் குறைந்தால் 60 மைல் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட ஆரம்பிக்கும். தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று வாங்கும்போதே குனிந்து பார்த்துவிடுங்கள். ஆட்டம் கண்டால் டிரக் பிரேக்கை மிதிக்கக் கூடாது. காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, டிரக்குக்குள் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரில் கையால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் மெதுவாகப் போட வேண்டும். அந்தப் பொத்தான் எங்கே என்று கண் பார்க்காமல் கை போகிற அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

என் அப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். இங்கே வந்து என் டிரெய்லரை முதலில் பார்த்தபோது உள்ளே சோபா, ஃபிரிட்ஜ் எதையும் கவனிக்கவில்லை. ஒரு இரும்புக் கம்பியை எடுத்து ஒவ்வொரு டயராகத் தட்டிக் கேட்டார். அப்புறம் "பாரம் எங்கடா உக்காருது?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் இங்கே லட்சம் டாலர் வரை செலவழிக்கிறார்கள் நம் ஆட்கள். எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "நான் 150-லதான் இழுக்கறேன், ஒண்ணும் ஆகலை" என்று எழுதுவார். ஒரு தடவையாவது எடை போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் வராது. அவர் பேச்சை நம்பிப் புதிதாக வந்த நாலு பேர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். இன்னொரு கூட்டம், "நமக்கெதுக்கு இதெல்லாம், நயாகரா போனோமா வந்தோமா" என்று சொல்லும். அவர்களையும் கேட்காதீர்கள். இந்த நாட்டின் அழகு பாதி ஓட்டல் அறை இல்லாத இடங்களில்தான் இருக்கிறது.

எடை போடுவது பெரிய வேலை இல்லை. நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடை இருக்கும். 20 டாலருக்குள் முடிந்துவிடும். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என மூன்று எண்கள் கொடுப்பார்கள். பயணத்துக்கு ஏற்றுவது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, குடும்பமும் உட்கார்ந்த நிலையில் போடுங்கள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சர்தார்ஜி, பதினெட்டுச் சக்கர வண்டி ஓட்டுபவர். ஐ-40 நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சாபி டாபாக்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றில் பருப்பும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டே, எடைச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

டிரக் விஷயத்தில் என் முடிவு இதுதான். 28 அடிதான் வேண்டும் என்றால் அடுத்த பெரிய வகையான முக்கால் டன் வண்டிக்குப் போங்கள். பெட்ரோல் எஞ்சினே போதும். எஃப்-250-இன் 7.3 லிட்டர், ராம் 2500-இன் 6.4 லிட்டர் இரண்டும் நல்லவை. பேலோடும் பெரும்பாலும் 3,000 பவுண்டை ஒட்டியோ மேலோ இருக்கும். டீசல் எஞ்சின் கனம் என்பதால் அதே முக்கால் டன்னில் பேலோடு குறைந்துவிடும், இதைப் பலரும் யோசிப்பதில்லை. ஆனால் மலையில் டீசல்தான் ராஜா. அதில் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ உண்டு; டர்போ இல்லாத இந்தப் பெட்ரோல் எஞ்சின்கள் போன்றவை ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தியை இழக்கும்; மலைச்சாலையில் அது நன்றாகவே தெரியும். ஐ-70-இல் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல். ஏற்றத்தை விடுங்கள், மெதுவாகவாவது ஏறிவிடலாம். மேற்குப் பக்கம் இறங்கும் 7 சதவீதச் சரிவில்தான் பிரேக் புகையும். அங்கே புகைபோக்கியை நெரித்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் கொடுக்கும் நிம்மதியே தனி. ஆண்டுக்கு ஒரு தடவை கொலராடோ போவதற்காக அந்த விலை கொடுக்க வேண்டுமா என்பது உங்கள் பாடு. டிரக்கின் பின்தொட்டிக்குள்ளேயே மாட்டும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் வாங்கும் ஆசை இருந்தால் ஒரு டன் வகை டிரக்குக்குக் கீழே நினைக்கவே வேண்டாம்; அதில் 20 சதவீதத்துக்கு மேல் முதுகில் விழும். எஃப்-150-ஐ விட மனமில்லையா, 20 அடி டிரெய்லரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தண்ணீரைப் போய்ச் சேர்ந்த ஊரில் நிரப்புங்கள்.

வழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆமரில்லோ, ஆல்புகர்க்கி போய் அங்கிருந்து யுஎஸ் 550 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறுவீர்கள். ஃபார்மிங்டன் பக்கம் வரை அது அகலமான நான்கு வழிச் சாலை. அங்கே கோர்டெஸ், மான்டிசெல்லோ பக்கம் திரும்பிவிடுங்கள். அதே 550 எண்ணிலேயே தொடர்ந்தால் கொலராடோ மலையில் சில்வர்ட்டன், யூரே (Ouray) என்ற ஊர்கள் வழியாகப் போகும். பல இடங்களில் தடுப்புச் சுவரே இல்லாத பாறை விளிம்பு. கூகுள் வரைபடத்துக்கு உங்கள் பின்னால் 28 அடி தொங்குவது தெரியாது. யெல்லோஸ்டோனுக்கு வயோமிங் வழியாகப் போனால் ஐ-80-இல் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே காற்று. உயரமான, எடை குறைந்த வண்டிகளுக்குச் சாலையை மூடிவிடுவார்கள். மூடினால் காத்திருங்கள், சுற்றுவழி தேடாதீர்கள். யெல்லோஸ்டோனுக்குள் டர்ட் பைக்கைக் காட்டில் ஓட்ட அனுமதி கிடையாது, பைக் ஆசை எல்லாம் மோவாபோடு முடிந்துவிட வேண்டும். டெக்சாஸில் 75 மைல் என்று பலகை இருக்கும். டிரெய்லர் டயர்களில் பல 65-க்கே ஆனவை. 65-க்கு மேல் போகாதீர்கள், யார் ஹாரன் அடித்தாலும்.

பிள்ளைகள் கேரேஜ் மேல்கட்டிலில் படுப்பார்கள் என்றால் பைக்குகளை இறக்கி வெளியே நிறுத்திவிட்டு, காற்றோட்டமாகத் திறந்து வைத்த பிறகுதான் படுக்கவிட வேண்டும். பெட்ரோல் வாசனை இருக்கும்போது அடுப்பும் ஹீட்டரும் போடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன் அழுத்திப் பாருங்கள். மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்காதீர்கள்.

நீங்கள் கேட்ட விதம் எனக்கு 2001-ஐ ஞாபகப்படுத்தியது. நான் வந்த வருடம் வேலைகள் கொத்துக்கொத்தாகப் போய்க்கொண்டிருந்தன. இர்விங்கில் ஓர் அபார்ட்மென்ட், கார் இல்லை, அந்த வெயிலில் நெடுஞ்சாலை ஓரமாகவே நடந்து காய்கறி வாங்கி வருவேன். நம் ஊர்க்காரர்கள் காரில் கடந்து போவார்கள், நிறுத்தமாட்டார்கள். நிறுத்தியவர் கீழ்வீட்டு மெக்சிகோக்காரர், புல்வெட்டும் தொழில். சனிக்கிழமைகளில் அவருக்குக் கூடமாட உதவினேன். அவர் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார், புல்வெட்டி ஏற்றிய டிரெய்லரோடு சேர்த்தே. எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் பாதிதான். ஸ்டீரிங்கின் அடிப்பகுதியைப் பிடி, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து என்று கையைப் பிடித்தே காட்டினார். இன்றும் முகாம்களில் இரவு நேரத்தில் ஒரே தடவையில் பின்னுக்கு எடுத்து நிறுத்துவேன். இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் வந்து கை கொடுத்துவிட்டுப் போவார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

நீங்களும் வாங்கும் முன் ஒரு வார இறுதிக்கு வாடகை டிரெய்லர் எடுத்து, காலி பார்க்கிங்கில் மனைவியையும் சேர்த்தே பழகுங்கள். இருவருக்கும் ஓட்டத் தெரிய வேண்டும். முன்பணம் கட்டிவிடாதீர்கள். அந்த எஃப்-150-இன் கதவு ஸ்டிக்கரையும், டிரெய்லரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் எடைத் தாளையும் போட்டோ எடுத்துப் போடுங்கள், கணக்கை நானே போட்டுத் தருகிறேன்.