பிரசவத்துக்கு முன்னும் பின்னும் டிப்ரஷன் மாத்திரை எடுத்தா அம்மாவோட எலும்பு தேஞ்சுடுமா?

அஞ்சாம் மாசத்துலேர்ந்து பாப்பாவுக்குப் பால் மறக்கடிக்கிற வரைக்கும் செர்ட்ராலின்ங்கிற டிப்ரஷன் மாத்திரை எடுத்தவ நான், அதனால முதல்லயே சொல்லிடுறேன், இந்தப் பயத்துல இன்னைக்கு ராத்திரி மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. நான் நிறுத்தினேன். பாப்பாவுக்கு அப்ப மூணு மாசம், எனக்கு இடுப்பு வலி தாங்கல, "அந்த மாத்திரைதான்டி எலும்பை அரிக்குது"ன்னு அத்தை சொன்னாங்க, பாவம் அவங்களும் பயந்துதான் சொன்னாங்க, நானும் யார்கிட்டயும் கேக்காம விட்டுட்டேன். நாலாம் நாளு தலையைத் திருப்பினாலே உள்ள ஷாக் அடிக்கிற மாதிரி இருந்துச்சு, பாப்பா தூளில கத்துது, நான் பக்கத்துலயே உக்காந்து தூளிக் கயித்தையே பாத்துக்கிட்டிருக்கேன், கை போகவே இல்ல. அம்மா ஓடி வந்து தூக்கினாங்க.

எலும்பு விஷயம் சும்மா கிளப்பிவிட்டதில்ல. இந்த மாத்திரை வேலை செய்யறது செரோடோனின்ங்கிற ரசாயனத்து மேல, அது மூளைல மட்டும் இல்ல, பால் கொடுக்கும்போது மார்புலயும் உருவாகுது, அது பிடிஎச்ஆர்பின்னு ஒரு ஹார்மோனைத் தூண்டிவிடும், அந்த ஹார்மோன் எலும்புலேர்ந்து கால்சியத்தை எடுத்துப் பாலுக்கு அனுப்பும். மாத்திரையே தொடாத அம்மாவுக்கும் இது நடக்கும், தினம் 200லேர்ந்து 300 மில்லிகிராம் கால்சியம் பால்ல போகுது, ஆறு மாசத்துல முதுகெலும்போட அடர்த்தி ஒரு 3லேர்ந்து 7 சதவீதம் குறையும், பால் நிறுத்தினப்புறம் பெரும்பாலும் திரும்ப ஏறிடும். மாத்திரை செரோடோனினைக் கூட்டுதே, அப்ப இந்த இழப்பும் கூடுமான்னுதான் எல்லாருக்கும் சந்தேகம். அமெரிக்காவுல விஸ்கான்சின் யுனிவர்சிட்டில எலிக்கு ஃப்ளூவாக்ஸெட்டின்னு இதே வகை மாத்திரையைக் கொடுத்துப் பாத்து 2018ல வெளியிட்டாங்க, குட்டிங்க பால் மறந்த பிறகும் தாய் எலிக்கு எலும்பு கம்மியாவேதான் இருந்துச்சு. ஆனா எலி ஒரே நேரத்துல ஏழெட்டு குட்டிக்குப் பால் கொடுக்கும், அதோட எலும்பு கரையுற அளவே வேற, அதை அப்படியே நம்ம உடம்புக்குப் போட்டுப் பாக்க முடியாது.

திரும்ப டாக்டர்கிட்ட போனப்ப அவங்க திட்டவே இல்ல, "கால்சியம் மாத்திரை எப்பம்மா போடுறீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. நான் ஞாபகமா இருக்கட்டும்னு இரும்புச்சத்து மாத்திரையோட சேத்துதான் முழுங்கிட்டிருந்தேன், அதுவும் காபி குடிச்ச கையோட! கால்சியமும் இரும்பும் சேந்தா ரெண்டுமே சரியா உடம்புல ஒட்டாதாம், குறைஞ்சது ரெண்டு மணி நேரம் இடைவெளி வேணும். கவர்மெண்ட்ல கொடுக்குற 500 மில்லிகிராம் கால்சியம் தினம் ரெண்டு, நாலாம் மாசத்துலேர்ந்து பிரசவமாகி ஆறு மாசம் வரைக்கும், அதைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும், பாதிப் பேர் குழந்தை பொறந்ததும் விட்டுடுறாங்க. எனக்கு வைட்டமின் டி டெஸ்ட் எடுத்தாங்க, ரொம்பக் கம்மி, அதுக்கும் மருந்து ஆரம்பிச்சு செர்ட்ராலினையும் திரும்பக் கொடுத்தாங்க, அது பால்ல ரொம்பக் கொஞ்சமாத்தான் போகும்னு விளக்கினாங்க. காலைல கேழ்வரகுக் கூழ், மதியம் தயிர்னு அத்தையே பாத்துப் பாத்து செஞ்சு கொடுத்தாங்க.

இப்ப உங்களுக்குக் கேக்க ஆளில்லன்னா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு கவர்மெண்ட்டோட மனநல உதவி நம்பர், காசில்ல, தமிழ்லயே பேசுவாங்க, நடுராத்திரி பால் கொடுத்துட்டு முழிச்சிருக்கும்போதுகூட கூப்பிடலாம்.